சுங்க வீட்டின் நிறம்

துறைமுகத் தெருவில் போட்டோ ஸ்டூடியோ ஒன்றே ஒன்றுதான். உள்ளே நுழைந்து யாரிடம் கேட்டாலும், "கலர் அக்காவா? பின்னாடி" என்று கட்டைவிரலால் காட்டுவார்கள். பின்னறையில் ஜன்னலை ஒட்டி ஒரு மேஜை. அதன் மேல் சின்னச் சின்னப் பீங்கான் கிண்ணங்கள், ஒவ்வொன்றிலும் ஒரு சாயம். தீக்குச்சி முனையில் பஞ்சைச் சுற்றி, சாயத்தில் தொட்டு, அதிகப்படியைப் பழைய துணியில் ஒற்றி எடுத்துவிட்டு, கறுப்பு வெள்ளைப் படத்தின் மேல் மெல்லத் தடவிக்கொண்டிருப்பாள் அக்கா. கலர் பிலிம் அந்த ஊருக்கு வராத காலம். படத்தில் இருக்கிறவர் முகத்தில் ரத்த ஓட்டம் தெரிய வேண்டுமென்றால் அது அக்காவின் கையால்தான் வர வேண்டும்.

படத்தின் பின்பக்கத்தில் ஸ்டூடியோக்காரர் பென்சிலால் கிறுக்கிக் கொடுப்பார். 'பெண் உடை கரும்பச்சை. மாப்பிள்ளை கோட்டு நீலம். கன்னம் தாராளமாக.' இந்தக் கடைசி வரி இல்லாத படமே கிடையாது. படம் எடுத்துக்கொள்ள வருகிற யாருக்கும் தன் முகம் இருக்கிறபடியே வேண்டியதில்லை. மூக்கை ஏதாவது செய்ய முடியுமா என்று நேரிலேயே வந்து கெஞ்சிய மாப்பிள்ளைகள் உண்டு.

"மூக்கு உங்கப்பா குடுத்தது தம்பி, அதுல நான் கை வைக்க மாட்டேன். கன்னத்தைக் கவனிச்சு விடறேன், யார் கண்ணும் மூக்குப் பக்கம் போகாது" என்பாள். சொன்னபடி செய்தும் கொடுப்பாள். கல்யாணத்தன்று தாங்கள் நல்ல நிறமாக இருந்ததாக அந்த ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருப்பது அக்காவின் புண்ணியம்.

அவள் குடியிருந்தது சுங்க வீட்டின் பின்கட்டில். வீடு என்று பேர்தானே தவிர அது மாளிகை. கப்பலில் வந்திறங்கும் சரக்குக்கு வரி வாங்குவதற்காக எந்தக் காலத்திலோ கட்டியது. கடலைப் பார்த்த முன்பக்கத்தில் உயரமான தூண்களும் வளைவுகளும், உச்சியில் ஓடாத ஒரு கடிகாரமும். சுங்க அலுவலகம் புதுக் கட்டடத்துக்குப் போன பிறகு உள்ளே குடியிருந்தவை புறாக்கள்தான். அந்தப் புறாக்களுக்கும் பூட்டிய அறைகளுக்கும் காவல்காரர் அக்காவின் கணவர். காவல்காரருக்கென்று பின்பக்கம் இரண்டு அறை, ஒரு குழாய், துணி காயப்போட ஒரு முற்றம். கல்யாணமாகி வந்ததும், ஒரே மகளை வளர்த்து வேறு ஊருக்குக் கட்டிக்கொடுத்ததும் அந்த இரண்டு அறையில்தான்.

முன்பக்கத்துக்கும் அவளுக்கும் விடியற்காலையில் மட்டும்தான் சம்பந்தம். கட்டடத்துக்கு முன்னால் துறைமுக மேடை, அதைச் சுற்றிக் கம்பி வேலி. பொழுது புலரும்போது மீன் படகுகள் அங்கே வந்து ஒதுங்கும். அந்தக் கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வேலிக் கதவைத் திறந்து ஊர் ஜனங்களை உள்ளே விடுவார்கள். சங்கு ஊதிவிட்டால் எல்லாரும் வெளியே. அதற்குப் பிறகு பகல் முழுக்கச் சரக்கும் லாரியும் பாஸ் வைத்திருக்கிற ஆட்களும்தான்.

அக்கா கூடையோடு போவாள். படகுக்காரரோடு வாயாடி ஒரு மீனாவது கூடுதலாக வாங்காமல் திரும்ப மாட்டாள். திரும்பும்போது ஒரு நிமிஷம் நிற்பாள். சூரியன் அப்போதுதான் கடலை விட்டு மேலே வந்திருக்கும். சுங்க வீட்டின் முகம் முழுக்க ஒரு நிறம் ஏறியிருக்கும். சிவப்பு என்றும் சொல்ல முடியாது, மஞ்சள் என்றும் சொல்ல முடியாது. தூங்கி எழுந்த குழந்தையின் கன்னத்தில் இருக்குமே, அந்த நிறம். அதைப் பார்த்துவிட்டுப் போனால்தான் அவளுக்கு அன்றைய பொழுது ஓடும். பிறகு பின்வாசல், அடுப்பு, ஸ்டூடியோ. வீடு திரும்பும்போது விளக்கு வைத்திருக்கும். ஞாயிற்றுக்கிழமையும் விடுமுறை இல்லை, ஊரே குடும்பம் குடும்பமாகப் படம் எடுத்துக்கொள்ள வருகிற நாள் அது. கணவருக்கோ பகல் காவல். அக்கா மீன் வாங்கப் போகும்போது தூங்கிக்கொண்டிருப்பார், சங்கு ஊதியதும் முன்வாசல் நாற்காலிக்குப் போய்விடுவார். இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிடுவதும் பேசுவதும் சண்டை போடுவதும் அறையில் எரியும் அந்த ஒற்றை பல்பு வெளிச்சத்தில்தான்.

இப்படி ஒரு மாதிரியாக ஓடிக்கொண்டிருந்த வண்டியில் துறைமுக நிர்வாகம் கட்டையைப் போட்டது. சுங்க வீடு பழசாகிவிட்டது, யாருக்கும் பிரயோஜனமில்லை, இடித்துவிட்டு லாரி நிறுத்த இடம் செய்யப் போகிறோம் என்றார்கள். காவல்காரர் அன்று சாப்பாட்டை அளைந்துகொண்டே இருந்தார்.

"கட்டடம் போனா காவல் எதுக்கு? என்னையும் சேர்த்துத்தான் இடிக்கிறாங்க" என்றார். "இந்த முழங்காலோட என்னை வேற யாரு வேலைக்குக் கூப்பிடுவா?"

"மகள் வீட்டுக்குப் போயிடலாம்னு சொல்லாதீங்க. அவளே மாமியார் மாமனாரோட ஒரே அறையில குடித்தனம் பண்றா."

"சொல்லலையே."

"சொல்லப் போறீங்கன்னு தெரியும்."

அவர் சொல்லத்தான் இருந்தார். அக்காவுக்கு அன்று தூக்கம் வரவில்லை. பயமாக இருந்தது. அந்த வயதில் மூட்டை கட்டிக்கொண்டு எந்த வாசலில் போய் நிற்பது என்று நினைத்துக்கொண்டே படுத்திருந்தாள்.

அந்த நேரத்தில் ஆபத்பாந்தவனாக வந்து சேர்ந்தவர் விளம்பரம். அவருக்கு அப்பா அம்மா வைத்த பேர் வேறு. கப்பல் ஏஜெண்டு அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்து, ஊருக்கு வெளிநாட்டு விருந்தாளிகளை வரவழைத்தே தீருவேன் என்று ஒரு குழுவைத் தொடங்கி, அதற்குச் செயலாளராகவும் ஆகிவிட்டவர். வாயைத் திறந்தால் விளம்பரம் என்ற சொல் விழாமல் இருக்காது, அதனால் அந்தப் பேர். பயணிகள் கப்பல்கள் தண்ணீரும் எண்ணெயும் நிரப்ப இந்தத் துறைமுகத்தில் நிற்கும். பயணிகள் மேல்தட்டுக் கம்பியில் சாய்ந்து ஊரைப் பார்த்துக் கொட்டாவி விடுவார்கள். யாரும் இறங்க மாட்டார்கள்.

"இறங்கறதுக்கு நாம காரணம் குடுக்கணும் சார்" என்று நிர்வாகத் தலைவரின் அறையில் போய் உட்கார்ந்துகொண்டார் விளம்பரம். "அந்தத் தூணு, அந்த வளைவு, இதெல்லாம் இப்போ கட்டச் சொன்னா யாரால முடியும்? அடுத்த கப்பல் பருவம் வரைக்கும் பொறுங்க. கப்பல்லேருந்து ஜனம் இறங்கி வந்து பாக்கலேன்னா, கடப்பாரையை நானே எடுத்துக் குடுக்கறேன்."

தலைவர் நல்ல மனிதர்; விளம்பரத்தை எழுப்பி அனுப்ப வேறு வழியும் இல்லை. ஒரு பருவம் பொறுப்பதாகச் சொல்லிவிட்டார். துறைமுக இஞ்சினியருக்குத்தான் மூக்குக்கு மேல் கோபம். லாரி நிறுத்தத்துக்கு அவர் அதற்குள் வரைபடமே போட்டு வைத்திருந்தார்.

விளம்பரம் முதலில் செய்தது பட அட்டை. ஊரின் அழகான இடங்களைப் படம் பிடித்து, வண்ணம் தீட்டி, பெரிய ஊரில் அச்சுப் போட்டு, கப்பல் கம்பெனிகளுக்கெல்லாம் அனுப்ப வேண்டும். ஸ்டூடியோக்காரர் படகில் போய் சுங்க வீட்டைக் கடலிலிருந்து படம் எடுத்தார். கழுவிக் காயவைத்து அக்காவின் மேஜையில் வைத்துவிட்டு, வெளியூர்க் கல்யாணம் ஒன்றுக்குப் படம் எடுக்கக் கிளம்பிவிட்டார். அவசரத்தில் பின்பக்கம் எதுவும் எழுதவில்லை.

அக்கா படத்தைத் திருப்பிப் பார்த்தாள். குறிப்பு இல்லை. தன் வீட்டுக்கு யார் குறிப்பு எழுத வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். கன்னத்துச் சிவப்பில் ஒரு துளி, அதில் பொட்டு மஞ்சள், நிறைய தண்ணீர். தூண்களின் வளைவுக்குள் கொஞ்சம் அழுத்தம். கையில் இருந்த வேலைகளை எல்லாம் ஓரமாகத் தள்ளி வைத்துவிட்டு அதைச் செய்தாள். விளம்பரம் வந்து பார்த்து ஆடிப்போய்விட்டார்.

"அக்கா, இது கையா வேற எதாவதா? கிழவிக்குக் கல்யாணக் களை வர வெச்சுட்டீங்களே! விளம்பரம்னா இப்படிக் கொஞ்சம் பூச்சு இருக்கணும்."

பூச்சு என்று அவர் எதைச் சொல்கிறார் என்று அக்காவுக்கு விளங்கவில்லை. பாராட்டுகிற மனிதரைக் குறுக்கே கேட்பானேன் என்று சிரித்து வைத்தாள். அங்கேதான் தப்பு நடந்தது. ஆயுள் முழுக்க அவள் முகங்களுக்குப் பூசியவள். அதனால் இதுவும் பூச்சுதான் என்று அவர் எடுத்துக்கொண்டார். அவளோ தன் வாழ்நாளில் அந்த ஒரு படத்துக்குத்தான் இருக்கிறதை இருக்கிறபடி போட்டிருந்தாள், அல்லது அப்படி நினைத்திருந்தாள்.

அட்டைகள் அச்சாகி, பெட்டி பெட்டியாகக் கப்பல் கம்பெனிகளுக்குப் போயின. பருவம் தொடங்கியது. முதல் கப்பலிலிருந்தே ஜனம் இறங்கிவிட்டது. கூட்டமாக, ஆளுக்கொரு பட அட்டையோடு, நல்ல உச்சி வெயிலில்.

நடந்ததை முன்வாசலில் இருந்து பார்த்தவர் காவல்காரர். தொப்பி போட்ட அம்மாள் ஒருத்தி அட்டையைக் கண்ணுக்கு நேரே பிடித்துக் கட்டடத்தைப் பார்த்தாள். மறுபடி அட்டையைப் பார்த்தாள். பிறகு விளம்பரத்திடம், இந்த ரோஜா நிற மாளிகை எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்டாள். விளம்பரத்துக்கு அதுவரை நாக்கு ஒட்டிக்கொண்டதே கிடையாது. "இதேதான் அம்மா, கழுவறதுக்கு முன்னாடி இப்படி இருக்கும்" என்று எதையோ உளறினார். கூட்டத்தில் யாரோ சிரித்தார்கள். யாரோ கோபித்துக்கொண்டார்கள். பாதிப் பேர் அங்கிருந்தே கப்பலுக்குத் திரும்பிவிட்டார்கள். ஊர் ஏமாற்றுகிறது என்று கம்பெனிக்குச் சொல்லப் போவதாக ஒருவர் விரலை ஆட்டிவிட்டுப் போனார். இஞ்சினியர் நிர்வாக அலுவலகத்தின் மாடி ஜன்னலில் நின்று எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டிருந்தார்.

விளம்பரம் நேராக ஸ்டூடியோவுக்கு வந்தார். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது.

"அக்கா, அழகு பண்ணச் சொன்னேன், சரி. அதுக்காக ஆளையே மாத்திடறதா? என் மானம் கப்பலேறிப் போச்சு!"

"நான் என்ன மாத்தினேன்?"

"அந்தச் சிவப்பு எங்கேருந்து வந்தது?"

"அது அதோட நிறம்."

ஸ்டூடியோக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். "அது சாம்பல் நிறம்மா. நான்தானே படம் எடுத்தேன்."

"என் வீட்டு நிறம் எனக்குத் தெரியாதா? தினமும் பாக்கறேன்."

பேசிப் பயனில்லை என்று விளம்பரம் அவளைக் கையோடு அழைத்துக்கொண்டு போனார். வேலிக் கதவில் தன் பாஸைக் காட்டி உள்ளே கூட்டிப்போய் மேடை நடுவில் நிறுத்தினார். வெயில் தலைக்கு நேரே இருந்தது. அக்கா நிமிர்ந்து பார்த்தாள்.

கட்டடம் சாம்பலாக இருந்தது. உப்புக் காற்று அரித்த சுவர். ஜன்னல்களுக்குக் கீழே மழைத் தண்ணீர் வழிந்த கறுப்புக் கோடுகள், அழுது துடைக்காமல் விட்ட முகம் போல. வளைவுகளில் புறா எச்சம். ஒரு சொட்டுச் சிவப்பு எங்கேயும் இல்லை. அவள் வேறு எங்கோ வந்துவிட்டோமோ என்று கடிகாரத்தைத் தேடினாள். கடிகாரம் இருந்த இடத்தில்தான் இருந்தது.

நாற்காலியிலிருந்து முழங்காலைப் பிடித்துக்கொண்டு எழுந்து வந்தார் காவல்காரர். "வேலை நேரத்துல இங்க என்ன பண்றே?"

"ஏங்க, இது எப்பவும் இப்படித்தானா?"

"எது?"

"வீடு."

அவர் திரும்பி ஒரு தடவை பார்த்தார். "பகல் முழுக்க இப்படித்தான்."

"என்கிட்ட சொல்லவே இல்லையே?"

"நீ கேக்கலையே."

அக்காவுக்கு வெட்கமாக இருந்தது. வெட்கத்தை விடத் துக்கமாக இருந்தது. குடிவந்த நாளிலிருந்து தன் வீட்டின் முகத்தை அவள் பகலில் பார்த்ததே இல்லை. அது அந்த நிமிஷம் வரை அவளுக்குத் தெரியவும் இல்லை. அவளால்தான் வீடு போகப் போகிறது என்ற நினைப்பும் கூடவே வந்தது.

"நாளைக்கு விடியும்போது வந்து பாருங்க" என்றாள் விளம்பரத்திடம். "நான் பொய் போடல. அதை மட்டும் பாத்துட்டு அப்புறம் திட்டுங்க."

பொழுது நன்றாக விடிந்த பிறகே கண் விழிக்கிற ஜாதி விளம்பரம். ஆனாலும் மறுநாள் கொட்டாவியும் கம்பளிச் சால்வையுமாக வந்து நின்றார். சூரியன் வந்தது. நிறம் ஏறியது. படகுக்காரர்கள் மீனை எண்ணிக்கொண்டிருந்தார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. அவர்கள் இருவர் மட்டும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அட்டையில் இருந்தது அப்படியே எதிரில் இருந்தது. சங்கு ஊதுவதற்குள் அது வடிந்தும் போயிற்று.

விளம்பரம் சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டார்.

"நீங்க போட்டது நிஜம்தான் அக்கா. ஆனா கப்பல் கம்பெனி போட்ட நேரத்தைப் பாத்து வரும், நம்ம அழகைப் பாத்தா வரும்? உச்சி வெயில்லதான் வந்து நிக்குது."

குழு கூடியது. அட்டைகளைத் திரும்ப வாங்கிச் சாம்பல் நிறத்தில் அச்சடிக்கலாம் என்றார் ஒருவர். சாம்பலைப் பார்க்க யார் இறங்குவார்கள் என்றார் இன்னொருவர். அப்போதுதான் விளம்பரம் எழுந்து, "படத்தைத் திருத்தறதா, கட்டடத்தைத் திருத்தறதா? படம் நல்லா இருக்கு. கட்டடம்தான் படம் மாதிரி இல்ல" என்றார். எல்லாரும் சிரித்தார்கள். சிரித்து முடித்த பிறகு அது சரிதானே என்று பட்டது. சுண்ணாம்பு அடிக்க நிர்வாகத் தலைவர் சம்மதித்தார். அடுத்த கப்பலும் பொய்த்தால் இடிப்பதுதான், இனிமேல் பேச்சே இல்லை என்றும் சொன்னார்.

கொத்தனார் சுண்ணாம்பில் சிவப்புப் பொடியைக் கலக்கி ஒரு மூலையில் பூசிக் காட்டினார். அக்கா பார்த்தாள்.

"கன்னச் சிவப்பு கேட்டா, அறை வாங்கின கன்னமா ஆக்கி வெச்சிருக்கீங்களே கொத்தனாரே!"

"அப்போ நீயே கலக்கு தாயி" என்று அவர் வாளியைத் தள்ளிவிட்டார். கோபத்தில் சொன்னாரோ நிஜமாகச் சொன்னாரோ, அக்கா நிஜமாகவே எடுத்துக்கொண்டாள். ஸ்டூடியோவில் லீவு சொன்னாள். வாளி வாளியாகக் கலக்கினாள். ஈரத்தில் சரியாக இருப்பது காய்ந்ததும் வெளிறிப்போயிற்று. வெளிறியதைச் சரிசெய்தால் செங்கல் சூளையாயிற்று. திட்டுத் திட்டாகச் சுவரில் பூசி, காயக் காத்திருந்து, அட்டையை ஒட்டிப் பிடித்துப் பார்த்தாள். கொத்தனாரும் மெல்ல மெல்ல முறைப்பை விட்டு, பொடியைச் சலித்துக் கொடுக்க ஆரம்பித்தார். ஒரு மத்தியானம் அந்த நிறம் வந்தேவிட்டது. கொத்தனார் வாளியைக் கீழே வைத்துவிட்டு, "இதுக்கு மேல கை வெச்சே, நான் வீட்டுக்குப் போயிடுவேன்" என்றார். சாரம் கட்டி முழு முகத்துக்கும் அதையே அடித்தார்கள்.

அடுத்த கப்பல் வழக்கம்போல உச்சி வெயிலில் வந்து நின்றது. அக்கா அன்று ஸ்டூடியோவில் பஞ்சைத் தொடவில்லை. மனம் ஒரு நிலையில் இல்லாதபோது தொட்டால் எந்த மாப்பிள்ளையின் முகமாவது கெட்டுவிடும். கடைசியில் தெருவில் செருப்புச் சத்தம் கேட்டது. விளம்பரம் ஓடி வந்தார்.

"இறங்கிட்டாங்க அக்கா! அட்டையைத் தூக்கித் தூக்கிப் பாக்கறாங்க, கட்டடத்தைப் பாக்கறாங்க, கை தட்டறாங்க! உள்ளே போய்ப் பாக்கலாமான்னு கேக்கறாங்க. உங்க வீட்டுக்காரர்தான் சாவிக் கொத்தோட முன்னாடி நடக்கறார்!"

அந்தப் பருவம் முழுக்கக் கப்பல் தவறாமல் ஜனம் இறங்கியது. லாரி நிறுத்தத்து வரைபடம் இஞ்சினியரின் மேஜைக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. விருந்தாளிகள் வருகிறார்கள் என்று பகலிலும் வேலிக் கதவைத் திறந்து வைத்தார்கள். வேண்டியவர்கள் வந்து படிக்கட்டில் உட்கார்ந்து கடலைப் பார்க்கலாம். காவல்காரருக்கு முழங்கால் வலிகூடக் குறைந்த மாதிரி இருந்தது. வீடு தப்பித்தது.

ஆனால் அக்காவுக்கு ஒரு நஷ்டம் நேர்ந்திருந்தது. சுண்ணாம்பு அடித்து முடித்த மறுநாள் மீன் வாங்கித் திரும்பும்போது வழக்கம்போல நின்றாள். சூரியன் வந்தது. ஏற்கனவே சிவந்திருந்த சுவரின் மேல் அந்த வெளிச்சம் விழுந்ததும் கண்ணை உறுத்துகிற ஒரு செம்மஞ்சள் தெரிந்தது. கன்னத்துக்குத் தாராளமாக என்று எழுதியதை நம்பி அளவுக்கு மீறிப் பூசிய படம் போல இருந்தது. அடுத்த நாளும் அப்படித்தான். அவள் நிறம் வரவே இல்லை. வீட்டைக் காப்பாற்றப் போய் அதைத் தன் கையாலேயே மூடிவிட்டோம் என்று தெரிந்தது. அடுப்படியில் மீனை அலசிக்கொண்டே கொஞ்சம் அழுதாள். யாரிடம் போய்ச் சொல்வது? ஊர் கொண்டாடுகிற விஷயம்.

இரவு சாப்பிடும்போது மெல்ல எடுத்தாள். "காலையில பாக்க நல்லாவே இல்லைங்க."

அவர் கவளத்தை விழுங்கிவிட்டு யோசித்தார். "பகல்ல நல்லா இருக்கு. நீ பகல்ல வந்து பாரேன்."

"ஸ்டூடியோவை யாரு பாக்கறது?"

"சாப்பிடற நேரத்துக்கு வா. இப்போதான் கதவு திறந்திருக்கே. எனக்கும் சேர்த்துக் கட்டி எடுத்துட்டு வா. நானும் தனியாத்தான் சாப்பிடறேன்."

மறுநாள் மத்தியானம் அடுக்குப் பாத்திரத்தைத் தூக்கிக்கொண்டு முன்வாசலுக்குப் போனாள். படிக்கட்டில் நிழல் விழுகிற ஓரமாக அவர் ஒரு துணியை விரித்து வைத்திருந்தார். அக்கா உட்காருவதற்கு முன் திரும்பிப் பார்த்தாள். உச்சி வெயிலில் வீடு முழுக்க அந்த நிறம், தூங்கி எழுந்த கன்னம். வடியவும் இல்லை, சங்குக்குப் பயந்து ஓடவும் இல்லை. வேண்டிய மட்டும் பார்த்துவிட்டு உட்கார்ந்து, பாத்திரத்தைப் பிரித்துப் பரிமாறினாள்.

அவர் சாப்பிடாமல் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"என்ன?"

"உனக்கு இவ்வளவு நரைச்சிருக்கா?"

அக்கா காதோரத்து முடியை ஒதுக்கிக்கொண்டாள். அவர் முகத்தையும் அப்போதுதான் வெளிச்சத்தில் நிதானமாகப் பார்த்தாள்; இதற்கு முன் வந்தபோதெல்லாம் அவள் கண் சுவரில்தான் இருந்தது. கண்ணுக்குக் கீழே சுருக்கம், தாடையில் அவளுக்குத் தெரியாத ஒரு மச்சம். இத்தனை வருஷமாக இந்த மச்சம் எங்கே இருந்தது?

"எப்பவும் இப்படித்தானா?" என்று கேட்டார் அவர்.

"பகல் முழுக்க இப்படித்தான்" என்றாள் அக்கா. "நீங்க கேக்கலையே."

அவர் சிரித்துவிட்டார். அவளும் சிரித்துக்கொண்டே, மீனில் நடுத்துண்டாகப் பார்த்து எடுத்து அவர் தட்டில் வைத்தாள்.